மீன் தலையில் முன்மூளையைப் பார்ப்பது எப்படி?

ஒரு விலங்கு எந்தப் புலனை அதிகம் நம்புகிறது என்பதை அதன் மூளையின் அமைப்பிலிருந்தே பெருமளவு ஊகித்துவிடலாம். உயிரியல் படிக்கும் மாணவர்கள் இதை வீட்டு முற்றத்திலேயே செய்து பார்க்க ஒரு விளைமீன் தலையும் ஒரு கெளுத்தித் தலையும் போதும்.

குமரி மாவட்டத்தின் குளச்சல், முட்டம் துறைகளின் மீன் காலையிலேயே சந்தைக்கு வந்துவிடும். குழம்புக்கென்று தலையை இரண்டாகப் பிளந்து தருவதே வழக்கமாதலால், பிளக்காமல் முழுதாகத் தரும்படி வெட்டுபவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கெளுத்தியின் முள் குத்தினால் கடுமையாக வலிக்கும். அதையும் அவரே நீக்கித் தரட்டும். ஜூன் முதல் இரு வாரங்களில் கிழக்கு, மேற்கு இரு கடற்கரைகளிலும் விசைப்படகுத் தடை இருப்பதால், அப்போது வள்ளத்து மீனைத்தான் தேட வேண்டும். மூளை விரைவில் குழைந்துவிடும் என்பதால் பனிக்கட்டியில் வைக்காத மீன் இதற்கு உதவாது.

முதலில் விளைமீன். இரு கண்களுக்கு நடுவே மேல்தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு, கத்தியைப் படுக்கையாகப் பிடித்து, மண்டையோட்டின் கூரையைப் பின்னிருந்து முன்னாக மெல்லிய சீவல்களாகச் சீவ வேண்டும். அவசரப்பட்டு ஆழமாக வெட்டினால் மூளையும் சேர்ந்து போய்விடும். ஓடு திறந்ததும் தெரியும் கொழகொழப்பான கொழுப்பை நனைந்த பஞ்சால் ஒற்றி எடுத்தபின், தலையைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஓர் இரவு ஊறவைத்தால் மூளை இறுகும். ஸ்பிரிட் தீப்பற்றக்கூடியது, அடுப்பருகே வைக்கக் கூடாது.

மறுநாள் பார்க்கும்போது முதலில் கண்ணில் படுபவை இரண்டு பெரிய உருண்டைகள். அவை பார்வைக்குரிய நடுமூளைப் பகுதிகள். பலர் இவற்றையே முன்மூளை என்று எண்ணிவிடுகிறார்கள். அவற்றுக்கு முன்னால் அடங்கிக் கிடக்கும் சிறிய இரட்டை மேடுதான் முன்மூளையின் முகப்பு. அதன் முனையிலுள்ள சிறு குமிழ்களிலிருந்து மூக்கை நோக்கி ஓடும் வெண்ணிற இழைகள் மணத்தைக் கொண்டுவரும் நரம்புகள்.

கெளுத்தியில் இதே இழையைத் தொடர்ந்து சென்றால் வேறுபாடு விளங்கும். அதன் மணக் குமிழ்கள் மூளையோடு ஒட்டியிராமல், நீண்ட காம்பின் முனையில் மூக்குக் குழியருகே அமர்ந்திருக்கின்றன. நாசித்துளையைக் கீறினால் இதழ் இதழாக அடுக்கிய மணத் திசுவையும் காணலாம். கலங்கிய நீரில் இரை தேடும் மீனுக்குக் கண்ணைவிட மூக்கும் மீசையும்தானே துணை! மீசையின் சுவைச் செய்தி மட்டும் பின்மூளைக்குச் செல்கிறது.

முன்மூளைக்கு நினைவிலும் பங்குண்டு. நினைவு கண்ணுக்குத் தெரியாது; ஆனால் அதன் இடத்தைச் சுட்டிக்காட்ட முடியும். தங்கமீன்களின் முன்மூளையில் வெளிப்பக்கப் பகுதியை நீக்கிய ஆய்வுகளில், அவை கற்றிருந்த இரை இடத்துக்கு வழி தேடுவதில் தடுமாறின. பாலூட்டிகளில் இந்தப் பணியைச் செய்வது ஹிப்போகேம்பஸ். 1953இல் ஹென்றி மோலைசன் என்பவருக்கு வலிப்பு நோய்க்காக இருபுறமும் அதன் பெரும்பகுதியை அகற்றியபின், பழைய நினைவுகள் பல எஞ்சியிருந்தும் புதிய நிகழ்வுகள் அவர் மனத்தில் தங்கவில்லை.

ஹிப்போகேம்பஸையும் பார்க்க விரும்பினால், இறைச்சிக் கடையில் ஆட்டு மூளை வாங்கி லேசாக அவித்து, ஓர் அரைக்கோளத்தின் உள்ளறையை மேலிருந்து திறக்கலாம். அறையின் தரையில் வளைந்து செல்லும் வெண்மையான மேடு அதுவே. பாலூட்டிகளில் பிற புலன்களின் செய்திகள் தலாமஸ் என்ற இடைநிலையம் வழியாகவே பெருமூளையின் மேலடுக்கான புறணியை அடைய, மணம் மட்டும் அந்த இடைநிலையைத் தாண்டி நேரே சென்று, நினைவுப் பகுதிக்கு மிக அருகில் சேர்கிறது.

ஸ்பிரிட்டில் ஊறிய தலைகளைச் சமைக்கவோ பூனைக்குப் போடவோ கூடாது. ஆழமாகப் புதைத்துவிட வேண்டும்.