நகர வடிவமைப்பு, வீட்டுவசதி மேற்படிப்பு: ஆர்க்கிடெக்டுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பி.ஆர்க். (கட்டடக்கலை இளநிலைப் பட்டம்) முடித்தவர்களில் வருடா வருடம் ஒரு பகுதியினர் நகர வடிவமைப்பிலோ வீட்டுவசதியிலோ முதுநிலைப் படிப்புக்குப் போகிறார்கள். ஐந்து வருடம் கட்டடம் வரைந்து பழகிய கை அவர்களுடையது. அந்தப் பழக்கம்தான் மேற்படிப்பில் பெரிய இடைஞ்சலாகிவிடுகிறது. ஊர் என்பதைக் கொஞ்சம் பெரிய கட்டடமாக நினைத்துக்கொண்டே கல்லூரி தேடுகிறார்கள், போர்ட்ஃபோலியோ (தங்கள் வேலைகளின் தொகுப்பு) தயாரிக்கிறார்கள், ஸ்டுடியோவில் (வடிவமைப்புப் பயிற்சி வகுப்பில்) வரைகிறார்கள், கடைசியில் தீசிஸும் எழுதிவிடுகிறார்கள். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதிக்கு மேல் அந்த நினைப்பிலிருந்து வருபவை.

பட்டத்தின் பெயரைக் கவனிக்காமல் சேர்வது

கல்லூரியின் பெயரை விசாரிக்கிறவர்கள் பட்டத்தின் பெயரை விசாரிப்பதில்லை. டெல்லி எஸ்.பி.ஏ.வில் (ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர்) நகர வடிவமைப்பு படித்தால் எம்.ஆர்க்., அதாவது கட்டடக்கலை முதுநிலை; வீட்டுவசதி படித்தால் எம்.பிளான்., அதாவது திட்டமிடல் முதுநிலை. படிக்கும்போது இந்த வித்தியாசம் உறைக்காது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் தெரியும். நகரமைப்புத் துறையின் அரசுப் பணிகளுக்கு வரும் அறிவிப்புகள் பெரும்பாலும் திட்டமிடல் பட்டத்தைத்தான் கேட்கின்றன. இன்ஸ்டிடியூட் ஆஃப் டவுன் பிளானர்ஸ் அமைப்பில் உறுப்பினராகவும் அங்கீகரிக்கப்பட்ட திட்டமிடல் தகுதி வேண்டும். நாளைக்கு சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) பக்கம் போகும் எண்ணம் இருந்தால், பழைய பணி அறிவிப்பு ஒன்றிரண்டை எடுத்துத் தகுதிப் பகுதியை வரி வரியாகப் படித்துவிட்டுப் படிப்பைத் தேர்ந்தெடுங்கள். தனியார் வடிவமைப்பு அலுவலகம்தான் இலக்கு என்றால் எம்.ஆர்க். போதும்.

வெளிநாட்டுப் படிப்புகளில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். லண்டன் யு.சி.எல். பல்கலைக்கழகத்தின் கட்டடச் சூழல் துறையான பார்ட்லெட்டுக்குள்ளேயே கட்டடக்கலைப் பள்ளியில் ஒரு நகர வடிவமைப்புப் படிப்பு இருக்கிறது. வளர்ச்சித் திட்டமிடல் பிரிவில் வேறொன்று இருக்கிறது. முன்னது வடிவத்தைத் தேடும் ஸ்டுடியோ. பின்னது ஆசிய, ஆப்பிரிக்க நகரங்களில் குடியிருப்போருடன் உட்கார்ந்து வேலை செய்யும் படிப்பு. நெதர்லாந்தில் ரோட்டர்டாமின் ஐ.எச்.எஸ். என்ற நகர்ப்புற ஆய்வுக் கல்வி நிறுவனம் வீட்டுவசதியை நிர்வாகமாகவும் கொள்கையாகவும் சொல்லித்தருகிறது. அங்கே போய் வரைபலகையைத் தேடினால் ஏமாற்றம்தான். பாடத்திட்டத்தையும், போன வருட மாணவர்கள் முடித்த வேலையையும் பார்க்காமல் கட்டணம் கட்டாதீர்கள்.

நுழைவுத் தேர்வு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேட் தேர்வில் ஆர்க்கிடெக்சர் அண்ட் பிளானிங் தாளின் மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். அதனால் வேலை பார்க்க நினைப்பவர்களும் கடைசி வருடத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு சீட்டா பி.ஜி. தேர்வு தனியாக உண்டு. இடையில் ஒன்றிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுச் சேர்வது நல்லது என்பது என் அபிப்பிராயம். ஆனால் அந்த வருடங்களை இன்டீரியர் ரெண்டர் (கணினியில் செய்யும் தத்ரூபப் படம்) போடுவதிலேயே கழித்தால் பயனில்லை. லேஅவுட் (மனைப்பிரிவு) அனுமதிக்கு அலுவலகம் அலுவலகமாக அலைந்த அனுபவம் இருந்தால் முதல் செமஸ்டரில் பாதி விளங்கிவிடும்.

போர்ட்ஃபோலியோவில் வில்லாவும் ரிசார்ட்டும்

அட்டையைத் திறந்தால் மாலை வெளிச்சத்தில் ஒரு பங்களா. அடுத்த பக்கம் மியூசியம். அதற்கடுத்து மலை மேல் ரிசார்ட். வரைந்த விதத்தில் குறை இருக்காது. ஆனால் தேர்வுக் குழு தேடுவது வேறு: இந்த ஆளுக்கு மனையின் எல்லைக் கோட்டுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தெரியுமா? அந்தப் படங்களில் காம்பவுண்டுச் சுவருக்கு அப்பால் வெள்ளைத் தாள்தான் இருக்கிறது.

அதற்குப் பதிலாக, உங்கள் ஊர்க் கடைத்தெரு ஒன்றின் குறுக்குவெட்டை ஒரே ஒரு பக்கம் வரைந்து வையுங்கள். சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை, நூறில் ஒன்று அளவில். மழைநீர் வடிகாலின் மூடி எவ்வளவு அகலம், அதன் மேல் கடைக்காரர் போட்ட படிக்கட்டு எவ்வளவு நீட்டியிருக்கிறது, அதை ஒட்டி நிற்கும் இருசக்கர வாகனங்கள் எவ்வளவு இடத்தைப் பிடிக்கின்றன, மின்வாரியத்தின் பெட்டி எங்கே நிற்கிறது, இதெல்லாம் போக நடக்க மிஞ்சும் இடம் எத்தனை சென்டிமீட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் அளவு போடுங்கள். காலை ஆறு மணிக்கு ஒரு படம், இரவு ஏழு மணிக்கு அதே இடத்தில் இன்னொன்று. காலையில் கோலம் போட்ட இடத்தில் இரவில் தள்ளுவண்டி நிற்கும். இந்த ஒரு பக்கம் பத்து ரெண்டருக்குச் சமம் என்று தயங்காமல் சொல்வேன்.

நோக்க அறிக்கையில் சிறுவயதுக் கனவையெல்லாம் எழுத வேண்டாம். எந்த ஊர், அங்கே எந்தப் பிரச்சினை, அதில் உங்களுக்குப் புரியாதது எது என்று எழுதினாலே போதும்.

வீட்டை மட்டும் வரைவது

சேர்ந்த பிறகு நடக்கும் தவறுகளில் பெரியது இது. வீட்டுவசதி ஸ்டுடியோ என்றதும் யூனிட் பிளானில் (ஒரு வீட்டின் உள் வரைபடத்தில்) உட்கார்ந்துவிடுகிறார்கள். சமையலறைக்குக் காற்று வருகிறதா, படுக்கை எந்தப் பக்கம் என்று வாரக்கணக்கில் போகும். அதுவும் தேவைதான். ஆனால் வீடு எங்கே இருக்கிறது என்ற கேள்வி அதைவிட முக்கியம்.

சென்னையையே எடுத்துக்கொள்வோம். 2000-ஆம் ஆண்டிலிருந்து நகரின் நடுவிலிருந்த குடிசைப்பகுதி மக்கள் கண்ணகி நகருக்கும், பின்னர் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஆயிரக்கணக்கில் குடிபெயர்க்கப்பட்டார்கள். கூவம் கரையில் இருந்தபோது நடந்தே வேலைக்குப் போன பெண்கள், இருபது கிலோமீட்டருக்கும் மேல் பஸ்ஸில் போய்த்தான் அதே வீட்டு வேலையைச் செய்ய வேண்டியிருந்தது. பலர் அந்த வேலையை விட்டுவிட்டார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பாதியில் நின்றது. அங்கே கட்டிய வீட்டின் பிளானை எவ்வளவு திருத்தினாலும் இந்தத் துன்பம் தீராது. 2022-இல் திறக்கப்பட்ட 1,152 வீடுகள் கொண்ட லைட் ஹவுஸ் திட்டமும் (புதிய கட்டுமான முறைகளைக் காட்டும் மத்திய அரசின் மாதிரித் திட்டம்) அதே பெரும்பாக்கத்தில்தான் வந்தது. கட்டும் முறை புதியது, முன்வார்ப்பு கான்கிரீட். இடம் அதே தூரத்தில். ஸ்டுடியோவில் சுவர் எப்படி வார்க்கப்பட்டது என்று பேசிவிட்டு பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்காமல் விட்டால் பாடத்தின் உயிரையே விட்டுவிட்டோம் என்று அர்த்தம்.

இதே சென்னையில் 1970களின் கடைசியில் உலக வங்கிக் கடனுடன் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் வேறு வழியைப் பார்த்தார்கள். சிறு மனை, தண்ணீர், கழிவுநீர், சாலை, இவற்றை அரசு கொடுத்தது. வீட்டைக் குடும்பங்கள் கையில் காசு வரும்போது கட்டிக்கொண்டன. பெரிய மனைகளையும் கடை மனைகளையும் கூடுதல் விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் சிறு மனைகளின் விலையைக் குறைத்தார்கள். இன்று அந்தத் தெருக்களில் நடந்தால் திட்டப் பகுதி எங்கே தொடங்குகிறது என்று சொல்வதே கடினம். அவ்வளவு சாதாரணமான சென்னைத் தெருக்களாக மாறிவிட்டன. ஒரு வீட்டுவசதித் திட்டத்துக்கு இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரியவில்லை. படிக்கிற காலத்தில் ஒரு தடவையாவது வில்லிவாக்கத்துக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஒரே நாளில் போய் வாருங்கள்.

கணக்குப் போடாமல் வரைவது

ஜூரியில் (வேலையை மதிப்பிடும் குழுவின் முன்) மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஒரு ஹெக்டேர் மனை, அதாவது 10,000 சதுர மீட்டர். எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப் பரப்பு கட்டலாம் என்ற விகிதம்) 2 என்றால் 20,000 சதுர மீட்டர் கட்டலாம். 2015-இல் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தில் நலிந்த பிரிவினருக்கான வீடு 30 சதுர மீட்டர் கார்ப்பெட் ஏரியா (சுவர்களுக்குள் புழங்கும் பரப்பு) வரை என்று இருந்தது; அதையே எடுத்துக்கொள்வோம். சுவர், படிக்கட்டு, நடைபாதை சேர்த்து 40 என்று வைத்தால் 500 வீடுகள். வீட்டுக்கு நாலு பேர் என்றால் 2,000 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அளவுகோலில் தண்ணீர் மட்டும் 2,70,000 லிட்டர். குழாயில் வராவிட்டால் 12,000 லிட்டர் லாரி தினமும் 22, 23 நடை வர வேண்டும். அந்த லாரி திரும்ப இடம் விட்டிருக்கிறீர்களா? கழிவுநீர் எங்கே போகும்? குறைந்தது 500 இருசக்கர வாகனங்கள் எங்கே நிற்கும்? இதற்கெல்லாம் ஒரு தாளும் பத்து நிமிஷமும் போதும். இதைப் போடாமல் நாலு வாரம் மாடல் செய்கிறவர்கள்தான் அதிகம்.

நிலத்தின் விலையும் கட்டும் செலவும் யார் தலையில், தவணை எவ்வளவு, லிஃப்ட் பழுதானால் யார் பணம் போடுவது, இந்தக் கேள்விகளை “அது பொருளாதாரம்” என்று ஒதுக்கிவிடாதீர்கள். எட்டு மாடி வரைந்தவர் லிஃப்ட்டின் மாதச் செலவுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு பகல் போய் வந்து ஆய்வு என்பது

கேள்வித்தாளோடு வேலை நாளில் பகல் பதினோரு மணிக்குப் போனால் வேலைக்குப் போனவர்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள். கேமராவை நீட்டினால் இருப்பவர்களும் உள்ளே போய்விடுவார்கள். “உங்களுக்கு என்ன வசதி வேண்டும்?” என்று கேட்டால் எதையோ தரப்போகிறீர்கள் என்று நினைப்பார்கள். மாணவர் என்பதையும், உங்களால் எதுவும் வாங்கித்தர முடியாது என்பதையும் முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுவது மரியாதை. தண்ணீர் வரும் நேரத்துக்குப் போங்கள், ஞாயிற்றுக்கிழமை போங்கள், மழை பெய்த மறுநாள் போங்கள். எடுத்த அளவுகளையும் வரைபடத்தையும் கடைசியில் அவர்களிடமே ஒரு பிரதி கொடுங்கள்.

இப்படிப் பொறுமையாகப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இந்தூர் நல்ல உதாரணம். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 1971 முதல் குறைந்த செலவு வீட்டுவசதிக்கென ஒரு குழு இயங்கியது. அந்தக் குழுவும் இந்தியக் கட்டடக் கலைஞர் பி.வி. தோஷியின் வாஸ்து ஷில்பா அறக்கட்டளையும் 1980களில் இந்தூரின் குடிசைப்பகுதிகளை அளந்து வரைந்தார்கள். திண்ணை, மரத்தடி, வீட்டு வாசலிலேயே வைத்த சிறு கடை, தெரு அகலும் இடத்தில் பிள்ளைகள் விளையாட்டு, எல்லாம் அந்த வரைபடங்களில் வந்தன. இந்தப் புரிதல்தான் தோஷியின் ஆரண்யா குடியிருப்புக்குள் போனது. சுமார் 6,500 மனைகள். மிக ஏழைகளுக்கு அடித்தளமும் கழிவறை, தண்ணீர்க் குழாயும் மட்டும். மீதியைக் குடும்பங்களே கட்டின. எப்படிக் கட்டலாம் என்று காட்ட 80 மாதிரி வீடுகள். அந்தக் குடியிருப்பு 1995-இல் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது பெற்றது. தோஷி கட்டிய அந்த மாதிரி வீடுகளைப் படம் பிடித்து ‘கேஸ் ஸ்டடி’ என்று ஒட்டிவிடுகிறவர்களுக்கு அந்தத் திட்டத்தின் அடிநாதமான மனைப் பங்கீடும் தெரு அமைப்பும் கண்ணில் படுவதே இல்லை.

தீசிஸ் தலைப்பு

“சென்னைக்கு நிலைத்த நகர வாழ்வு” மாதிரி தலைப்புகளை நாலு மாதத்தில் முடிக்க முடியாது. சின்னதாக எடுங்கள். உதாரணமாக, 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் (பழைய குடிசை மாற்று வாரியம்) குடியிருப்புக் கட்டடம் ஒன்று இடிந்து விழுந்தது. அப்படிப் பழசாகிப்போன அடுக்குகளை இடித்து அதே இடத்தில் உயரமாகக் கட்டும்போது, தரைத்தளத்தில் இட்லிக்கடை வைத்துப் பிழைத்தவர் ஐந்தாம் மாடிக்குப் போனால் அவர் தொழில் என்ன ஆகும்? கட்டி முடியும் வரை அவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள், வாடகைக்கு என்ன செய்கிறார்கள்? ஒரே ஒரு குடியிருப்பை எடுத்து இதற்குப் பதில் தேடினாலே தீசிஸ் நிறைந்துவிடும்.

தரவு கிடைக்கவில்லை என்பது கடைசி மாதத்தில் வழக்கமாகக் கேட்கும் புலம்பல். ஒதுக்கீட்டுப் பட்டியல், பழைய லேஅவுட் வரைபடம், பராமரிப்புச் செலவு எல்லாம் வாரியத்தின் கோப்புகளில் இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பதிலுக்கு 30 நாள் கெடு. பதில் அரைகுறையாக வந்தால் மேல்முறையீட்டுக்கு இன்னும் ஒரு மாதமாவது போகும். ஆகவே வழிகாட்டிப் பேராசிரியர் தலைப்புக்குச் சரி சொன்ன வாரமே மனுவைப் போட்டுவிடுங்கள். கேள்விகளைத் தனித்தனியாக, ஆண்டும் கட்டட எண்ணும் குறிப்பிட்டுக் கேளுங்கள்.