வீட்டுக்குள் வளரும் பேஷன் ஃப்ளவர் கொடியைப் பூக்க வைப்பது

பேஷன் ஃப்ளவர் கொடியைத் தொட்டியில் வைத்து வீட்டுக்குள் வளர்ப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் குறை, கொடி ஜன்னலை மறைக்குமளவு படர்ந்தும் ஒரு மொட்டைக்கூடக் காணோம் என்பதுதான். அந்த நிலையில் பலரும் உரத்தைக் கூட்டுகிறார்கள்; அது இலையை மேலும் பெருக்குமே தவிர மொட்டைக் கொண்டுவராது. இந்தக் கொடியில் பூவைத் தீர்மானிப்பது முதலில் வெளிச்சம், அடுத்துப் புதுத்தளிர், அதற்குப் பிறகுதான் உரம்.

நாளுக்கு நான்கு மணி நேரமாவது நேரடி வெயில் விழும் ஜன்னல் வேண்டும். ஆறு மணி நேரம் கிடைத்தால் இன்னும் நல்லது. அறை நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரிவதை வைத்து முடிவு செய்யக் கூடாது, ஏனெனில் ஜன்னலிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி வைத்தாலே செடிக்குக் கிடைக்கும் ஒளி பெரிதும் குறைந்துவிடுகிறது. கணுக்களுக்கு இடையிலான தூரம் நீண்டு, தண்டு மெலிந்து, இலைகள் வெளிறியிருந்தால் அந்த இடம் போதவில்லை என்று பொருள். வேறு ஜன்னல் இல்லாதவர்கள் செடிகளுக்கான எல்.இ.டி. விளக்கைக் கொடிக்கு மேலே தொங்கவிட்டு, நாளுக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு மணி நேரம் எரியவிடலாம்.

எல்லா வகைகளும் தொட்டிக்குள் அடங்குவதில்லை. சிறிய மஞ்சள் பூக்களைத் தரும் பாஸிஃப்ளோரா சிட்ரினா அளவில் அடங்கியது என்பதால், முதல்முறை வளர்ப்பவர்களுக்கு அதையே நான் பரிந்துரைப்பேன். நீலப்பூ பூக்கும் பாஸிஃப்ளோரா செருலியா வேகமாகப் படரும். இடமும், கவாத்து செய்ய, அதாவது கிளைகளை அவ்வப்போது வெட்டிவிடப் பொறுமையும் உள்ளவர்களுக்கே அது ஏற்றது. எந்த வகையானாலும், விதையிலிருந்து வந்த செடியைவிட, பூத்துப் பழகிய கொடியின் தண்டுத் துண்டிலிருந்து வளர்ந்த செடி விரைவில் பூக்கும்.

தொட்டி சற்று நெருக்கமாக இருப்பதே நல்லது. பெரிய தொட்டியில் வேர் பரவிக்கொண்டிருக்கும்வரை கொடி பூவை நினைப்பதில்லை. பெரும்பாலான வகைகளுக்கு 25 முதல் 30 செ.மீ. விட்டமுள்ள தொட்டியே போதும். மண்கலவையில் நீர் தேங்காமல் வடிய வேண்டும். மேல்மண் ஓரிரு செ.மீ. ஆழத்துக்குக் காய்ந்த பிறகு, அடித்துளை வழியே வெளியேறும்வரை ஊற்றி, தட்டில் நிற்கும் நீரைக் கொட்டிவிட வேண்டும். வளரும் பருவத்தில் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை, தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவாகவும் சாம்பல்சத்து (பொட்டாசியம்) கூடுதலாகவும் உள்ள திரவ உரத்தைக் கொடுக்கலாம். தக்காளிச் செடிக்கென விற்கப்படுபவை பொருத்தமானவை.

மொட்டுகள் அந்தப் பருவத்துப் புதுத்தண்டின் இலைக்கோணங்களில்தான், அதாவது இலைக்காம்பு தண்டோடு சேரும் இடங்களில்தான் தோன்றுகின்றன. எனவே வளர்ச்சி தொடங்கும் முன், குளிர்காலத்தின் முடிவில், பக்கக்கிளைகளை இரண்டு மூன்று கணுக்கள் விட்டு வெட்டிவிட்டால், வெட்டிய இடங்களிலிருந்து எழும் தளிர்கள் மொட்டு விடும். அதே வெட்டைப் பருவத்தின் நடுவில் கடுமையாகச் செய்தால் வரவிருந்த மொட்டுகளும் சேர்ந்து போய்விடும். நீளும் தளிர்களைக் கம்பி வளையத்தில் சுற்றிவிடுவது வசதியானது. கொடியின் சுருள்போன்ற பற்றுக்கம்பிகள் தாமே பிடித்துக்கொள்ளும், தண்டை இறுக்கிக் கட்ட வேண்டியதில்லை.

மொட்டு வந்து மஞ்சளாகி உதிர்வது வேறு சிக்கல். மண் முற்றிலும் காய்ந்து பிறகு திடீரென நனைவது, ஏ.சி. அல்லது ஹீட்டரின் காற்று நேரே படுவது, மொட்டுக்கட்டிய பிறகு தொட்டியை இடம் மாற்றுவது ஆகியவையே இதற்கு வழக்கமான காரணங்கள். விரிந்த பூ ஒரே நாளில் வாடுவது மட்டும் நோயல்ல. பெரும்பாலான வகைகளில் ஒரு பூவின் ஆயுளே அவ்வளவுதான்.

பூச்சிகளில் பெரிய எதிரி சிலந்திப்பேன். இலையின் மேற்புறம் ஊசியால் குத்தியதுபோல் நுண்ணிய வெளிர்புள்ளிகள் தெரிந்தால், இலையைத் திருப்பி நரம்போரம் மெல்லிய நூலாம்படை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வறண்ட காற்றில் இது வேகமாகப் பெருகும். கொடியைக் குளியலறைக்கு எடுத்துச் சென்று இலைகளின் அடிப்பக்கத்தை நீரால் பீய்ச்சிக் கழுவி, பூச்சிக்கொல்லி சோப்புக் கரைசலைச் சில நாள் இடைவெளியில் மீண்டும் மீண்டும் தெளித்தால்தான் முட்டையிலிருந்து புதிதாக வருபவையும் ஒழியும். மாவுப்பூச்சிகளை ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுக்கலாம். ஆனால் இலைக்காம்பில் சிறு மருபோன்ற சுரப்பிகளின் மேல் பளபளக்கும் ஒட்டும் துளிகளைக் கண்டு மருந்தைத் தேடி ஓட வேண்டாம். அது கொடி தானே சுரக்கும் தேன், வெளியில் வளரும்போது எறும்புகளைக் காவலுக்கு அழைப்பது அதுவே.

பகல் குறுகும் குளிர்காலத்தில் செருலியா போன்ற வகைகளை 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் உள்ள வெளிச்சமான இடத்துக்கு மாற்றி, உரத்தை நிறுத்தி, வேர் முழுக்க உலராத அளவுக்கு மட்டும் நீர் விட வேண்டும். அப்போது சில இலைகள் உதிர்வது இயல்பு. வெப்பமண்டல வகைகளுக்கு அவ்வளவு குளிர் ஆகாது; அவற்றுக்கு நீரையும் உரத்தையும் குறைத்தாலே போதும். ஓய்வு முடிந்து முதல் தளிர் தலைகாட்டும்போது கவாத்தை முடித்து, வேர் தொட்டியை நிறைத்திருந்தால் ஒரே ஒரு அளவு பெரிய தொட்டிக்கு மாற்றி, உரத்தை மெல்ல மீண்டும் தொடங்கலாம்.