சரக்கு பிக்கப்பில் ஸ்டியரிங் ஆடுகிறதா? முன்பக்கப் பாகங்களைப் பார்த்து மாற்றும் முறை

ஸ்டியரிங் ஆடுகிறது என்று பட்டறையில் சொன்னால் உடனே கிடைக்கும் பதில், "அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்", அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்யுங்கள் என்பது. பாகம் தேய்ந்திருக்கும்போது அலைன்மென்ட் பார்ப்பது வீண் செலவு. கருவியின் மேல் வண்டி நிற்கும்போது அளவு சரியாகத்தான் காட்டும். கோயம்பேட்டில் மூட்டை ஏற்றி மதுரவாயல் புறவழிச்சாலையில் ஏறியதும் தேய்ந்த ஜாயிண்ட் தன் இஷ்டத்துக்கு நகர்ந்துவிடும். ஒரே மாதத்தில் டயரின் ஓரம் கத்தியால் சீவியது போல ஆகிவிடும். முதலில் ஆட்டம் எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும், பிறகு பாகத்தை மாற்ற வேண்டும், கடைசியில்தான் அலைன்மென்ட். இந்த வரிசை மாறக் கூடாது.

ஒன்றரை டன், இரண்டு டன் ஏற்றும் பிக்கப் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் போதும். ஆனால் இது ஸ்டியரிங் வேலை. சந்தேகம் வரும் இடத்தில் நிறுத்திவிட்டு அனுபவமுள்ள மெக்கானிக்கை அழைக்க வெட்கப்படாதீர்கள்.

எந்தப் பாகம் என்ன செய்கிறது

ஸ்டியரிங் வீலைத் திருப்பினால் அந்தத் திருப்பம் கம்பி வழியாக ஸ்டியரிங் பாக்ஸுக்குப் போகிறது. பாக்ஸின் அடியில் இருக்கும் டிராப் ஆர்ம் பக்கவாட்டில் அசைகிறது. அங்கிருந்து டை ராட் எனும் நீளமான கம்பிகள் இரண்டு சக்கரங்களையும் தள்ளவோ இழுக்கவோ செய்கின்றன. அந்தக் கம்பிகளின் நுனியில் இருப்பவை டை ராட் எண்டுகள். டிராப் ஆர்முக்கு எதிர்ப்பக்கத்தில் கம்பியைத் தாங்கி நிற்பது ஐட்லர் ஆர்ம். புதிய வண்டிகள் சிலவற்றில் பாக்ஸுக்குப் பதிலாக ரேக் இருக்கும்; அதில் உள் எண்ட், வெளி எண்ட் என்று பக்கத்துக்கு இரண்டு.

சக்கரத்தைத் தாங்குவது இன்னொரு கூட்டம். தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் மேல் ஆர்ம், கீழ் ஆர்ம், அவற்றின் நுனியில் எல்லாப் பக்கமும் திரும்பும் குண்டு இணைப்பான பால் ஜாயிண்ட், மறுமுனையில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ். முன்பக்கமும் பட்டை ஸ்பிரிங்கும் நேர் அச்சும் உள்ள வண்டியில் பால் ஜாயிண்டுக்குப் பதில் சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின். உங்கள் வண்டி எந்த வகை என்பதைக் கீழே குனிந்து ஒருமுறை பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சென்னையில் இந்தப் பாகங்கள் சீக்கிரம் போவதற்குப் பாரத்தைப் போலவே தண்ணீரும் காரணம். ஐப்பசி, கார்த்திகையில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தேங்கிய நீரில் வண்டி இறங்கி ஏறும். ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் உறையில் நூலளவு கிழிசல் இருந்தால் போதும், சேற்றுத் தண்ணீர் உள்ளே போய் கிரீஸை வெளியேற்றிவிடும். அதன்பின் இரும்பும் இரும்பும் உரசுகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நின்ற வண்டி உங்களுடையது என்றால், அந்தப் பாகங்களைத் தவறாமல் பாருங்கள்.

ஆட்டத்தைத் தேடுவது

இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். வண்டியைச் சமதளமான கான்கிரீட் தரையில் நிறுத்துங்கள். கியர் நியூட்ரலில், கை பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள்.

முதல் சோதனைக்கு ஜாக்கி தேவையில்லை. நான்கு சக்கரமும் தரையில் இருக்கட்டும். பவர் ஸ்டியரிங் என்றால் எஞ்சினை ஓட விடுங்கள். உள்ளே ஒருவர் ஸ்டியரிங் வீலை இடதும் வலதுமாகச் சிறிதளவு, விடாமல் ஆட்ட வேண்டும். நீங்கள் முன்னால் குனிந்து ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள். பார்ப்பதோடு விட வேண்டாம். ஜாயிண்ட் பிடிபடாவிட்டால் எஞ்சினை அணைத்துவிட்டு, இரண்டு பாகமும் சேரும் இடத்தில் விரலை வைத்து, வீலை மெதுவாக ஆட்டச் சொல்லுங்கள். நல்ல ஜாயிண்டில் இரண்டும் ஒன்றாக நகரும். தேய்ந்ததில் ஒன்று நகர்ந்த பிறகுதான் மற்றது நகரும். அந்த இடைவெளி விரலில் 'டக்' என்று தெரியும்.

டை ராட் அசையாமல் ஸ்டியரிங் வீல் மட்டும் ஆடினால் கோளாறு மேலே இருக்கிறது: ஸ்டியரிங் கம்பியின் யுனிவர்சல் ஜாயிண்ட் அல்லது பாக்ஸ். பாக்ஸை வண்டியின் சட்டத்தோடு (சேஸிஸ்) பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் விட்டுவிடாதீர்கள். பாக்ஸே நகர்கிறதென்றால் போல்ட் தளர்ந்திருக்கும், இல்லையேல் சட்டத்தில் விரிசல் விட்டிருக்கும். விரிசல் என்றால் வண்டியை ஓட்டவே கூடாது.

இரண்டாவது சோதனைக்கு முன்சக்கரத்தைத் தூக்க வேண்டும். ஸ்பிரிங் கீழ் ஆர்மின் மேல் உட்கார்ந்திருக்கும் வண்டியில் ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியில், பால் ஜாயிண்டுக்கு அருகில் கொடுங்கள். சட்டத்தைத் தூக்கினால் ஸ்பிரிங்கின் அழுத்தம் பால் ஜாயிண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தேய்ந்திருந்தாலும் ஆட்டம் தெரியாது. பலர் ஏமாறும் இடம் இது.

டயரைக் கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். 9 மணி, 3 மணி இடங்களில் பிடித்து ஆட்டும்போது அசைந்தால் டை ராட் எண்டைச் சந்தேகப்படுங்கள். 12 மணி, 6 மணியில் அசைந்தால் பால் ஜாயிண்ட், கிங் பின், சக்கர பேரிங் மூன்றில் ஒன்று. பிரித்தறிய எளிய வழி உண்டு: உள்ளே இருப்பவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங். தொடர்ந்தால் பால் ஜாயிண்ட் அல்லது கிங் பின். கடைசியாக டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து மெதுவாக நெம்பிப் பாருங்கள். மேல்கீழாகத் தெரியும் அசைவு பால் ஜாயிண்டினுடையது.

கண்டுபிடித்ததையெல்லாம் சுண்ணக்கட்டியால் அந்தப் பாகத்தின் மேலேயே குறியுங்கள். ஒன்று கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடாதீர்கள். தேய்ந்த ஒரே ஒரு ஜாயிண்டை மாற்றினால், இதுவரை அது வாங்கிய அடி முழுவதும் அடுத்த தேய்ந்த ஜாயிண்டுக்குப் போகும்.

எங்கே வாங்குவது, எதை வாங்கக் கூடாது

ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிய பாகங்கள் கிடைக்கும். புதுப்பேட்டையில் பழைய வண்டிகளிலிருந்து கழற்றியவை கிடைக்கும். கதவு, விளக்கு, ரேடியேட்டர் போன்றவற்றுக்குப் புதுப்பேட்டை நல்ல இடம். ஸ்டியரிங் ஜாயிண்டையும் பால் ஜாயிண்டையும் மட்டும் பழையதாக வாங்காதீர்கள். உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. வெல்டிங் வைத்த டிராப் ஆர்மையும் டை ராடையும் இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். வெல்டிங் சூடு பட்ட இடத்துக்குப் பக்கத்தில் இரும்பின் வலு மாறிவிடும். அது முறிந்தால் சக்கரம் உங்கள் பேச்சைக் கேட்காது.

வண்டி நிறுவனத்தின் பாகம், அல்லது அந்த நிறுவனங்களுக்கே செய்து கொடுக்கும் தயாரிப்பாளரின் பாகம், இரண்டும் நல்லவை. டை ராட் எண்டும் ஸ்டியரிங் கியரும் செய்யும் ராணே நம் ஊர் நிறுவனம்தான். ரசீது கேட்டு வாங்குங்கள். கடையிலேயே புதிய ஜாயிண்டின் தண்டைக் கட்டைவிரலால் அசைத்துப் பாருங்கள்: எல்லாப் பக்கமும் ஒரே சீரான இறுக்கத்தோடு நகர வேண்டும். தொளதொளவென்று சாய்ந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மேம்படுத்துவது என்று வரும்போது என் கருத்து உறுதியானது. முதலில் வண்டியை அதன் மூல நிலைக்குக் கொண்டுவாருங்கள். அதன்பின் செய்யத்தக்கது, மூடிய ஜாயிண்டுக்குப் பதிலாக அதே அளவில், கிரீஸ் ஏற்றும் சிறு மூக்கு (கிரீஸ் நிப்பிள்) உள்ளதைப் போடுவது. அதே வண்டியின் அதிக பார வகைக்கு நிறுவனமே தடித்த டை ராட் தருகிறது என்றால், பொருந்துகிறதா என்று உறுதி செய்துகொண்டு அதைப் போடுவது. பாலியூரித்தேன் புஷ் நீண்டநாள் உழைக்கும், ஆனால் சாலையின் அதிர்வை அப்படியே உள்ளே கடத்தும். ஸ்டியரிங்கின் நடுக்கத்தை அடக்கும் ஸ்டியரிங் டேம்பர் நல்ல பொருள்தான். தேய்ந்த ஜாயிண்டின் நடுக்கத்தை மறைக்க அதைப் போடுவது ஆபத்து. வண்டியை உயர்த்துவது, பெரிய டயர் போடுவது ஆகியவை ஜாயிண்டின் சுமையைக் கூட்டுவதோடு, வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவின் சிக்கலிலும் கொண்டுபோய் விடும். 8 ஆண்டு தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

டை ராட் எண்டை மாற்றும் படிகள்

வண்டியின் எடைக்கு ஏற்ற ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, ஜாயிண்டைப் பிடுங்கும் புல்லர், இரண்டு சுத்தியல், கம்பி பிரஷ், குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச், நட்டு கழலாமல் தடுக்கும் புதிய ஸ்ப்ளிட் பின்கள் தேவை. மண் தரையானால் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் தடித்த பலகை. ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் போகாதீர்கள்.

1. முந்தைய நாள் இரவே மரைகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் அடித்து விடுங்கள். கடற்கரைச் சாலையிலும் எண்ணூர்ப் பக்கமும் ஓடும் வண்டிகளில் உப்புக் காற்றுத் துரு பிடிவாதமானது.

2. சக்கர நட்டுகளைத் தரையிலேயே சற்றுத் தளர்த்தி, வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்து, சக்கரத்தைக் கழற்றுங்கள்.

3. பழைய எண்டின் நடுவிலிருந்து டை ராடில் ஒரு குறிவரை உள்ள நீளத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பூட்டு நட்டு இருந்த இடத்தில் வெள்ளை பெயிண்டால் கோடு போடுங்கள்.

4. பூட்டு நட்டைத் தளர்த்துங்கள். சில வண்டிகளில் ஒரு முனை இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். திரும்பவில்லை என்று பலத்தைக் கூட்டுவதற்கு முன் மரையின் சாய்வைப் பாருங்கள்.

5. ஸ்ப்ளிட் பின்னை எடுத்து, தலையில் வெட்டுகள் உள்ள கோட்டை நட்டைச் சில சுற்று தளர்த்துங்கள். முழுவதும் கழற்ற வேண்டாம். தண்டு விடுபடும்போது கம்பி உங்கள் முகத்தில் விழாமல் அந்த நட்டு தாங்கிக்கொள்ளும்.

6. புல்லரை மாட்டி இறுக்குங்கள். தண்டு கூம்பு வடிவம் என்பதால் நன்றாகக் கடித்திருக்கும். புல்லர் இறுகிய நிலையில், ஸ்டியரிங் ஆர்மின் கண்ணை (தண்டு நுழைந்திருக்கும் துளைப் பகுதியை) பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கி அடியுங்கள், எதிர்ப்பக்கத்தில் இன்னொரு சுத்தியலை முட்டுக் கொடுத்து. வெடித்தது போன்ற சத்தத்துடன் விடுபடும். தண்டின் நுனியில் அடிக்காதீர்கள், மரை நசுங்கிவிடும்.

7. பழைய எண்டைத் திருகிக் கழற்றும்போது சுற்றுகளை எண்ணுங்கள். புதியதை அதே எண்ணிக்கையில் ஏற்றி, எழுதி வைத்த நீளத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் நீளத்தையே நம்புங்கள்.

8. கூம்புத் துளையைத் துணியால் உலரத் துடையுங்கள். அங்கே கிரீஸ் தடவக் கூடாது. கூம்பின் பிடிமானமே உலர்ந்த உரசலில் இருக்கிறது.

9. நட்டை வண்டியின் கையேட்டில் உள்ள டார்க் அளவுக்கு இறுக்குங்கள். ஸ்ப்ளிட் பின்னின் துளை நேராக வரவில்லையென்றால் இன்னும் சற்று இறுக்கி அடுத்த வெட்டுக்குக் கொண்டுபோங்கள். தளர்த்தி நேராக்காதீர்கள். பின் எப்போதும் புதியது.

ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் மறுபக்கத்தையும் சேர்த்தே மாற்றுவது என் வழக்கம். பாகத்தின் விலையை விட இரண்டாம் முறை அலைன்மென்ட் பார்க்கும் செலவும், வண்டி நிற்பதால் போகும் ஒருநாள் வாடகையும் அதிகம்.

பால் ஜாயிண்ட், புஷ், கிங் பின்

கூம்பைக் கழற்றும் முறை இதேதான். ஆனால் இங்கே ஸ்பிரிங் இருக்கிறது. கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கி இல்லாமல் பால் ஜாயிண்டைக் கழற்றினால் அழுத்தப்பட்ட ஸ்பிரிங் வெளியே பாயும்; உயிருக்கே ஆபத்து. சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்கும் கம்பி (டார்ஷன் பார்) உள்ள வண்டியில் அதன் சரிசெய்யும் போல்ட்டில் எத்தனை மரை வெளியே தெரிகிறது என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, பிறகே தளர்த்துங்கள். முதல்முறை செய்பவர் இந்தப் பகுதிக்கு அனுபவமுள்ள ஒருவரை உடன் வைத்துக்கொள்ளட்டும்.

ரப்பர் புஷ் மாற்றினால், ஆர்மின் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் கடைசி இறுக்கம் கொடுக்காதீர்கள். வண்டியைத் தரையில் இறக்கி, எடை அதன்மேல் வந்தபின் இறுக்குங்கள். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கியபடியே இருந்து சில மாதங்களில் கிழியும்.

கிங் பின் புஷ்ஷை வீட்டில் அடித்து இறக்க முயல வேண்டாம். சக்கரம் மாட்டும் அச்சுமுனையை (ஸ்டப் ஆக்ஸில்) கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், "அண்ணே, புது பின்னுக்கு ஏற்ப ரீமர் போட்டுக் கொடுங்கள்" என்று பின்னையும் கையில் கொடுங்கள். பின்னைப் பார்க்காமல் ரீமர் போட்டால், அதாவது புஷ்ஷின் துளையைச் சீவினால், அளவு தவறும்.

ஸ்டியரிங் பாக்ஸ்

பாக்ஸின் மேல் ஒரு திருகும் பூட்டு நட்டும் தெரியும். எல்லா ஜாயிண்டும் சரியான பிறகும் ஆட்டம் மிச்சமிருந்தால் மட்டுமே அதைத் தொட வேண்டும். சக்கரம் நேராக இருக்கும்போது கையேடு சொல்லும் அளவுக்குச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். அதிகம் இறுக்கினால் வளைவிலிருந்து ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது, உள்ளே பல்லும் தேயும்.

அலைன்மென்டும் அதன் பிறகும்

அலைன்மென்ட் நிலையம் வரை பத்திரமாகப் போக, இரண்டு முன் டயர்களின் நடுக்கோட்டு இடைவெளியை முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே உயரத்தில் டேப்பால் அளந்து, வித்தியாசம் சில மில்லிமீட்டருக்குள் இருக்கும்படி டை ராடைத் திருப்பி வையுங்கள். மெதுவாகப் போங்கள், பாரம் ஏற்றாதீர்கள். நிலையத்தில் டோ (முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் பார்த்து அனுப்பிவிடாமல் கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு), காஸ்டர் (திருப்ப அச்சின் முன்பின் சாய்வு) அளவுகளையும் அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். நேர்ச்சாலையில் வண்டி இலேசாக இடப்பக்கம் சாய்ந்தால் உடனே பதற வேண்டாம்; மழைநீர் வடிய நம் சாலைகள் ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். சமதளத்தில் ஓட்டிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

சில நாட்கள் ஓடிய பிறகு பூட்டு நட்டுகளையும் சக்கர நட்டுகளையும் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். தேங்கிய நீரில் சக்கரம் மூழ்கும் அளவுக்குப் போன ஒவ்வொரு முறையும், நிப்பிள் உள்ள ஜாயிண்டுகளுக்குப் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை புதியது ஏற்றுங்கள். வெளியே வருவது தேநீர் நிறத்தில் நீர்த்திருந்தால், புதிய கிரீஸின் நிறத்திலேயே சுத்தமாக, கெட்டியாக வரும்வரை விடாதீர்கள். மூடிய வகை ஜாயிண்டில் உறை கிழிந்திருந்தால் ஊசி குத்திக் கிரீஸ் ஏற்றிச் சமாளிக்க வேண்டாம், அந்த ஜாயிண்டையே மாற்றிவிடுங்கள்.