புத்தகப் பிரியர்கள் இ-ரீடர் வாங்கும்போது எங்கே தவறுகிறார்கள்?

காகிதத்தில் படித்துப் பழகியவர்கள் இ-ரீடர் (மின்நூல் படிக்கும் கருவி) வாங்கப் போனால் விலை, எடை, பிராண்டு என்றுதான் தொடங்குகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த ஆறு மாதத்தில் படிக்க ஆசைப்படும் பத்துப் புத்தகங்களை எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றும் எந்தக் கோப்பு வடிவில் கிடைக்கிறது என்று பாருங்கள். பழைய தமிழ்ப் புத்தகங்களில் ஆர்வம் உள்ளவருக்குப் பட்டியலில் பெரும்பகுதி ஸ்கேன் செய்த பிடிஎஃப்பாகவே இருக்கும்.

அங்கேதான் 6 அங்குலத் திரை காலை வாருகிறது. அதன் பரப்பு சுமார் 9 × 12 செ.மீ. டெமி 1/8 என்ற புத்தக அளவில் அச்சான பக்கமோ ஏறக்குறைய 14 × 21.5 செ.மீ. முழுப் பக்கத்தையும் திரைக்குள் அடைத்தால் எழுத்து 56 சதவீதமாகச் சுருங்கும். 11 புள்ளி (பாயின்ட்) அளவுள்ள எழுத்து 6 புள்ளியாகிவிடும். ‘கி’க்கும் ‘கீ’க்கும் உள்ள சுழி வித்தியாசமே அப்போது கண்ணுக்குத் தப்பிவிடும். 10.3 அங்குலத் திரையில் அதே பக்கம் கிட்டத்தட்ட அச்சு அளவிலேயே தெரியும். ஸ்கேன் நூல்களே அதிகம் என்றால் விலை கூடினாலும் பெரிய திரைதான் சரி. சின்னக் கருவி ஏற்கெனவே கையில் இருந்தால், ‘கே2பிடிஎஃப்ஆப்ட்’ என்ற இலவச மென்பொருளில் பக்கங்களை வெட்டிச் சின்னத் திரைக்கு ஏற்ப அடுக்கிக்கொள்ளலாம். அது சொற்களைப் படமாகவே நகர்த்துவதால் தமிழுக்கும் ஒத்துவரும்.

‘பிடிஎஃப்பை மாற்றிக்கொண்டால் போயிற்று’ என்று நம்புவதும் தவறு. பாமினி, டிஸ்கி போன்ற பழைய தமிழ் எழுத்துக் குறியாக்கங்களில் தட்டச்சான கோப்பை இபப்பாக (திரைக்கேற்ப வரிகள் மடங்கும் மின்நூல் வடிவம்) மாற்றினால் பெரும்பாலும் பொருளற்ற குறிகள்தான் மிஞ்சும். இன்றைய பொதுக் குறியாக்கமான யூனிகோடில் இபப் கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இலவசத் தமிழ் மின்நூல் தளங்களான மதுரைத் திட்டத்திலும் ஃப்ரீதமிழ்இபுக்ஸிலும் நிறைய உண்டு.

அமேசானின் இ-ரீடரான கிண்டில் வாங்குவோர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். யூஎஸ்பி வழியாக இபப்பை அப்படியே போட்டால் அது திறக்காது. ‘சென்ட் டு கிண்டில்’ என்ற அமேசான் சேவை மூலம் அனுப்ப வேண்டும். காசு கொடுத்து வாங்கும் மின்நூலும் பெரும்பாலும் படிக்கும் உரிமம் மட்டுமே. 2025 பிப்ரவரியில் அமேசான் தன் தளத்திலிருந்து நூல்களைக் கணினிக்கு இறக்கி யூஎஸ்பியில் ஏற்றும் வசதியை நிறுத்திவிட்டது. வாழ்நாள் முழுக்க வேண்டிய புத்தகத்தை அச்சிலும் வாங்கி வையுங்கள்.

திரைத் தெளிவு 300 பிபிஐக்குக் (ஓர் அங்குலத்தில் உள்ள படப்புள்ளிகள்) குறைய வேண்டாம். வண்ணத் திரை நாவலுக்குத் தேவையில்லை: கலைடோ 3 என்ற வண்ணத் திரை வகையில் வண்ணம் 150 பிபிஐதான், வண்ணத்துக்காக வைக்கும் மேலடுக்கால் பின்னணியின் தாள்நிறமும் மங்கும். சேமிப்புக்கு 16 ஜிபி தாராளம்.

கருவியின் பாதுகாப்பு உறைக்குப் பணம் ஒதுக்க மறக்காதீர்கள். இ-ரீடர்களில் உள்ள பல இ-இங்க் (மின்மை) திரைகளின் அடியில் மெல்லிய கண்ணாடித் தகடு இருக்கிறது. பையில் தடித்த புத்தகங்களுக்கு நடுவே செருகினால், வெளியே கீறலே இல்லாமல் உள்ளே விரிசல் விட்டுவிடும்.