பச்சை மரத்தை நம்பி பாய்லருக்கு மானியம் கேட்காதீர்கள்: தீவுகளின் விறகுச்சூட்டுத் திட்டங்களில் நேரும் பணத் தவறுகள்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைத் தீவுகளில் நிலமும் காடும் ஊராரின் கையில் இருப்பது புதிதல்ல. எக் தீவை 1997-இல் ஊர் மக்கள் பங்குகொண்ட அறக்கட்டளை வாங்கியது. மல் தீவின் வடமேற்கில் இரண்டு காடுகள் 2006-இல் ஒரு சமூக நிறுவனத்திடம் வந்தன. காடு கைக்கு வந்த ஊரில் அடுத்து எழும் யோசனை ஒன்றுதான்: கப்பலில் வரும் எண்ணெய்க்குப் பதிலாக நம் மரத்தை எரித்துப் பள்ளிக்கூடத்தையும் ஊர் மண்டபத்தையும் சில வீடுகளையும் சூடாக்கினால் என்ன? யோசனை நல்லதுதான். மானிய விண்ணப்பப் படிவம் முதலில் கேட்பது பாய்லரின் விலையை என்பதால், எல்லோரும் கணக்கை அங்கேயே தொடங்கிவிடுகிறார்கள். சறுக்கலும் அங்கேதான்.

ஈரத்துக்குப் பட்ஜெட் போடாதது

அப்போதுதான் வெட்டிய சிட்கா ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். 55 சதவீத ஈரத்தில் ஒரு கிலோ தருவது சுமார் 2 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பம். ஈரம் 30 சதவீதமாக இறங்கினால் அதே ஒரு கிலோ 3.5 யூனிட் தரும். ஊர் அளவிலான மரச்சில்லு பாய்லர்களில் பெரும்பாலானவை 30, 35 சதவீத ஈரத்துக்கென்றே செய்யப்பட்டவை. அதற்கு மேல் போனால் புகைபோக்கியில் தார் படியும், திறன் விழும், பழுது பார்ப்பவர் படகில் வர வேண்டியிருக்கும்.

அட்லாண்டிக் மழைக்குக் கூரையில்லாமல் அடுக்கிய மரம் சரியாகக் காயாது. உருளைகளாக அடுக்கி, கூரை போட்டு, காற்றுக்குப் பக்கங்களைத் திறந்துவிட்டு, குறைந்தது ஒரு கோடையாவது காயவைத்த பிறகே சில்லாக்க வேண்டும். பச்சையாகவே சில்லாக்கிக் குவித்தால் குவியல் தானாகச் சூடேறி மக்கும். எரிய வேண்டிய பொருளில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும்.

ஒரு கணக்கு. ஆண்டுக்கு 400 மெகாவாட் மணி வெப்பம் தேவை, பாய்லரின் திறன் 85 சதவீதம் என்று வையுங்கள். 30 சதவீத ஈரத்தில் சுமார் 135 டன் சில்லு வேண்டும். கன மீட்டருக்கு 250 கிலோ என்றால் அது 540 கன மீட்டர். கப்பல் ஓடாத, காட்டுப் பாதை சேறாகும் மாதங்களுக்கு 200 கன மீட்டராவது கையிருப்பு வேண்டும், 2.5 மீட்டர் உயரத்துக்குக் குவித்தாலும் 80 சதுர மீட்டர் தரை. கான்கிரீட் தளம், கூரை, டிராக்டர் முன்வாளி, சில்லாக்கும் இயந்திரத்தின் வாடகை, அது வந்துபோகும் படகுக் கட்டணம் ஆகியவற்றைச் ‘சில்லறைச் செலவுகள்’ என்ற ஒரே வரியில் அடைத்துவிடுவார்கள். யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிற கதைதான்.

உச்சக் குளிருக்கு பாய்லர் வாங்குவது

உச்சத் தேவை 200 கிலோவாட் என்று வையுங்கள்; அவ்வளவும் தேவைப்படும் நாட்கள் ஆண்டில் சில மட்டுமே. மற்ற நாட்களில் பெரிய பாய்லர் அணைந்து அணைந்து எரியும்; தார் அப்போதுதான் சேரும். உச்சத் தேவையில் ஏறக்குறைய பாதிக்கு மர பாய்லர், நல்ல அளவில் ஒரு வெந்நீர்த் தொட்டி, பழைய எண்ணெய் பாய்லர் துணைக்கு: இந்தச் சேர்க்கையில் ஆண்டு வெப்பத்தின் பெரும்பகுதியை மரமே தந்துவிடும், முதலீடும் குறையும். விறகுக்கட்டை போடும் பாய்லரானால் கிலோவாட்டுக்கு 50 லிட்டர் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டத்தில் இருக்கும் வீடுகளையும் சேர்த்தால் விண்ணப்பம் அழகாகத் தெரியும். ஆனால் மண்ணுக்குள் போகும் குழாய் மீட்டருக்கு 15 வாட் இழந்தாலும், 500 மீட்டருக்கு ஆண்டு இழப்பு 65 மெகாவாட் மணிக்கு மேல். மேலே சொன்ன திட்டத்தில் அது ஆறில் ஒரு பங்கு. கடைசி இரண்டு வீட்டுக்கு விறகு அடுப்பு வாங்கிக்கொடுப்பது மலிவு.

செத்த திட்டத்தின் வருமானத்தை எழுதுவது

பழைய எக்செல் கோப்புகளில் இன்னும் ஆர்.ஹெச்.ஐ. (புதுப்பிக்கத்தக்க வெப்பத்துக்கு அரசு தந்த ஊக்கத்தொகை) வருமானம் ஓடிக்கொண்டிருக்கும். வீடல்லாத கட்டடங்களுக்கு 20 ஆண்டுகள் பணம் தந்த அந்தத் திட்டம் பிரிட்டனில் 2021 மார்ச் 31-இலும், வீடுகளுக்கானது 2022 மார்ச் 31-இலும் புதியவர்களுக்குக் கதவைச் சாத்தியது. (வட அயர்லாந்தின் திட்டத்தில் எரிக்க எரிக்கப் பணம் என்று வரம்பே வைக்காமல் விட்டதால் எழுந்த ஊழல் சர்ச்சை 2017-இல் அரசையே கவிழ்த்தது.) இப்போது வருமானம் என்றால் வெப்பத்தை விற்ற காசு மட்டும்தான். ஆகவே பள்ளியும் மண்டபமும் பத்து, பதினைந்து ஆண்டுக்கு வெப்பம் வாங்கிக்கொள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகே முதலீட்டுக்காக ஊராரிடம் பங்கு விற்கப் போங்கள். வாய்மொழி உறுதி போதாது. தலைமை ஆசிரியர் மாறுவார்.

மானியத்தின் சட்டதிட்டங்களைக் கடைசியில் படிப்பது

ஒப்புதல் கடிதம் வருமுன் ஆர்டர் கொடுத்தால் அந்தச் செலவு பெரும்பாலும் மானியத்தில் சேராது. பணமும் அனேகமாகச் செலவழித்த பிறகே வரும்; மூன்று நான்கு மாத இடைவெளிக்குக் கைமாற்றுக் கடன் ஏற்பாடு வேண்டும். வாட் (மதிப்புக் கூட்டு) வரிக்குப் பதிவு செய்யாத சங்கம் கட்டிய 20 சதவீதத்தைத் திரும்பப் பெற முடியாது, ஆகவே விலைப்புள்ளிகளை வரியோடு எழுதுங்கள். ‘குறைந்தபட்ச நிதியுதவி’ என்ற வகையில் வரும் பொது மானியங்கள் எல்லாம் சேர்ந்து, நடப்பு ஆண்டும் முந்தைய இரண்டு நிதியாண்டும் கூட்டி, 3,15,000 பவுண்டைத் தாண்டக்கூடாது. படகுத்துறைக்கு வாங்கியதும் அதே வகை என்றால் இதே கணக்கில் விழும். நிலம் வாங்க ஸ்காட்டிஷ் லேண்ட் ஃபண்ட் இருக்கிறது. அதனிடம் பாய்லர் கேட்டு மாதங்களை வீணாக்க வேண்டாம்.

ஊர்ச் சங்கம் விற்கும் இந்தச் சமூகப் பங்குகளில் ஒருவர் திரும்பப் பெறத்தக்க பங்காக 1,00,000 பவுண்டு வரை போடலாம், ஆனால் எவ்வளவு போட்டாலும் ஒரு ஓட்டுதான். அந்தப் பணத்தைத் திட்டம் தேறுமா என்று பார்க்கும் சாத்தியக்கூறு ஆய்வுக்குச் செலவிடாதீர்கள். ஆய்வு ‘வேண்டாம்’ என்று சொன்னால் பக்கத்து வீட்டுக்காரரின் சேமிப்பு போய்விடும். ஆய்வுக்கு மானியமே தேடுங்கள்.

தீவுக்கே உரிய சிறு தவறுகள்

கரை ஒதுங்கிய மரம் இலவசம் என்று சேர்த்து எழுதுவார்கள். அதில் ஊறிய உப்பின் குளோரின் பாய்லர் இரும்பைத் தின்னும், நச்சுப் புகையும் வரும். மர வெட்டுக்கு அனுமதி வாங்கும்போது மறுநடவு நிபந்தனையும் கூடவே வரும்; கன்றுகளை மான் மேயாமல் இருக்க வேலி வேண்டும், அதன் செலவும் எரிபொருள் விலையில் சேர வேண்டும். லாரி போகும் சாலை மர வண்டிக்கு அனுமதிக்கப்பட்டதா என்று வழித்தட வரைபடத்தில் பாருங்கள்.

உதிரிப்பாகங்களையும் முதலீட்டிலேயே கேட்டுவிடுங்கள்: பற்றவைக்கும் ஊதி, புகையில் ஆக்சிஜனை அளக்கும் லாம்ப்டா சென்சார், சில்லுத் திருகுக்கு ஒரு மோட்டார், ஒரு சுழற்சி பம்ப். சில்லோடு வந்த ஒரு கல் திருகை நிறுத்திவிடும் சனிக்கிழமையில் கப்பலும் ஓடாது.