முள் குத்திய இடத்தில் உடல் என்ன செய்கிறது, நாம் என்ன செய்ய வேண்டும்

சீமைக்கருவேல முள் ஒன்று உள்ளங்காலில் ஏறினால், நாம் குனிந்து அதைப் பிடுங்குவதற்கு முன்பே உடல் தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. பிறவியிலேயே நமக்குள் அமைந்திருக்கும் நோய் எதிர்ப்பாற்றல் எனப்படும் இந்த முதல் காவல், உள்ளே நுழைந்தது எந்தக் கிருமி என்று விசாரித்துக்கொண்டு நிற்பதில்லை. கிருமிகளுக்குப் பொதுவான சில அடையாளங்களைக் கண்டதுமே பாய்கிறது. குறிப்பிட்ட கிருமிக்கென்றே எதிர்பொருள்களை உருவாக்கும் இரண்டாவது படை தயாராவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும் என்பதால், புதிதாக வரும் கிருமியை அதுவரை முதல் காவலே பெரும்பாலும் தனியாகத் தாங்குகிறது. அந்த நாள்களில் நாம் வீட்டில் செய்யும் ஒவ்வொரு காரியமும் அதற்கு உதவியாகவோ இடைஞ்சலாகவோ அமைந்துவிடுகிறது. எனவே சிறிய காயம் ஒன்றைக் கவனிக்கும் முறையை, உடல் செய்யும் வேலையின் வரிசையிலேயே இங்கே சொல்கிறேன்.

முள்ளை முழுதாக எடுங்கள், பிறகு கழுவுங்கள்

முள்ளின் நுனி உள்ளே முறிந்து தங்கிவிட்டால் காயம் எளிதில் ஆறாது என்பது அனுபவத்தில் எல்லோரும் அறிந்தது. அதற்கான காரணத்தை 1957-ல் எலெக், கோனன் என்ற இரு ஆய்வாளர்கள் அளந்தே காட்டினார்கள். தன்னார்வலர்களின் தோலில் சீழ் உண்டாக்குவதற்குப் பத்து லட்சம் அளவில் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமிகள் தேவைப்பட்டன. அதே தோலில் ஒரு பட்டுத் தையல் நூல் இருந்தபோது சில நூறு கிருமிகளே போதுமானவையாக இருந்தன. அந்நியப் பொருளின் மேல் ஒட்டிக்கொண்டு மறைந்திருக்கும் கிருமியை, கிருமிகளை விழுங்கி அழிக்கும் ‘விழுங்கு செல்’களால் எளிதாகப் பிடிக்க முடிவதில்லை. ஆகவே நெருப்பில் காட்டியோ கொதிநீரில் போட்டோ சுத்தம் செய்த சிறு இடுக்கியால் முள்ளை முழுமையாக எடுக்க வேண்டும். வெளியே தெரியாத அளவுக்கு ஆழத்தில் முறிந்திருந்தால் ஊசியால் குடையாமல் மருத்துவரிடம் விட்டுவிட வேண்டும்.

அடுத்த வேலை, ஓடும் குழாய்த் தண்ணீரிலும் சோப்பிலும் சில நிமிடங்கள் நன்றாகக் கழுவுவது. கிருமிகளைக் கொல்வதைவிட அவற்றின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் இங்கே நோக்கம். ஸ்பிரிட்டையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் புண்ணுக்குள் மீண்டும் மீண்டும் ஊற்றினால், கிருமியோடு சேர்த்து அதை எதிர்க்க வந்த செல்களும், புண்ணை மூடவேண்டிய செல்களும் சேதமடைகின்றன. காபித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள்தூள் ஆகியவற்றை அப்பும் வழக்கத்தையும் விட்டுவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மஞ்சளுக்கு என்ன குணம் இருந்தாலும், சமையலறைத் தூள் கிருமி நீக்கப்பட்ட பொருள் இல்லை. முள்ளை எடுத்த இடத்தில் நூற்றுக்கணக்கான புதிய துகள்களை நாமே திணிப்பதற்கு அது ஒப்பாகும்.

முதல் காவலை மட்டும் நம்பக் கூடாத இரண்டு நிலைகளையும் கழுவும்போதே நினைவில் கொள்ள வேண்டும். மண்ணிலும் சாணத்திலும் வாழும் இரணஜன்னி (டெட்டனஸ்) கிருமி, காயத்தில் பெரிய வீக்கம் எதையும் காட்டாமலே நஞ்சை வெளிவிட்டு நரம்புகளைத் தாக்குகிறது. அந்த நஞ்சு மிகச் சிறிய அளவிலேயே கொடியது என்பதால், நோய் வந்து பிழைத்தவருக்குக்கூட அதன்பின் எதிர்ப்பாற்றல் உண்டாவதில்லை. பத்து ஆண்டுகளுக்குள் தடுப்பூசி போடாதவர்களும், அழுக்கான ஆழ்ந்த காயமாக இருந்தால் ஐந்து ஆண்டுகளுக்குள் போடாதவர்களும், உடனே போட்டுக்கொள்ள வேண்டும். நாய்க்கடியாக இருந்தால் சோப்பும் ஓடும் நீருமாகப் பதினைந்து நிமிடங்கள் கழுவிவிட்டு, புண் எவ்வளவு சிறியதாகத் தோன்றினாலும், அன்றைக்கே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குச் சென்றாக வேண்டும்.

சிவப்பையும் வீக்கத்தையும் படிக்கும் முறை

சிவத்தல், வீங்குதல், சூடு, வலி ஆகிய நான்கையும் அழற்சியின் அடையாளங்களாக முதல் நூற்றாண்டிலேயே ரோமானியரான செல்சஸ் எழுதி வைத்தார். ஆனால் அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பது தெரிவதற்கு 1882 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சிசிலித் தீவின் மெசினா நகரில் தங்கியிருந்த ரஷ்ய விலங்கியலாளர் எலீ மெச்னிகாஃப், கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் நட்சத்திரமீன் இளம் உயிரிகளுக்குள் ரோஜா முள்ளைச் செருகிவைத்தார். மறுநாள் காலையில் நுண்ணோக்கியில் பார்த்தபோது, அலைந்து திரியும் செல்கள் அந்த முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன. நட்சத்திரமீனுக்கு இரத்தக்குழாய்களும் இல்லை, நம்மைப்போல் எதிர்பொருள்களும் இல்லை. இருந்தும் முள்ளை எதிர்க்க அதனிடம் செல்கள் இருந்தன. விழுங்கு செல்கள் பற்றிய ஆய்வுக்காக 1908-ல் அவர் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நம் காலில் முள் ஏறும்போது நடப்பதும் அடிப்படையில் அதேதான் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

தோலடியில் எப்போதும் குடியிருக்கும் மேக்ரோஃபேஜ் என்னும் பெருவிழுங்கு செல்கள், தங்கள் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளால் கிருமியின் சுவர்ப்பொருளை அறிகின்றன. அத்தகைய ஏற்பிகளில் முதன்மையான டோல் வகையின் பங்கைப் பழ ஈயில் ஜூல்ஸ் ஹாஃப்மனும் எலியில் புரூஸ் பாய்ட்லரும் கண்டறிந்தனர். 2011-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆபத்தை அறிந்த செல்கள் விடும் செய்திப்பொருள்களும், அருகிலுள்ள மாஸ்ட் செல்கள் கொட்டும் ஹிஸ்டமினும் சேர்ந்து இரத்தக்குழாயை விரிப்பதால் இடம் சிவந்து சுடுகிறது. குழாயின் சுவர் நெகிழ்ந்து நீர் கசிவதால் வீங்குகிறது. அந்த நெகிழ்ந்த சுவரின் வழியாகத்தான் நியூட்ரோஃபில் எனப்படும் வெள்ளணுக்கள் ஒருசில மணி நேரத்தில் திசுவுக்குள் இறங்குகின்றன. வீக்கம் என்பது படை இறங்குவதற்காகத் திறந்த வழி. ஆகவே முதல் இரண்டு நாள்களில் ஓரளவு சிவப்பும் வீக்கமும் இருப்பது நல்ல வேலை நடப்பதற்கே அடையாளம்.

இதைக் கண்ணளவில் மதிப்பிடாதீர்கள். சிவந்த இடத்தின் விளிம்பைச் சுற்றி ஒரு பேனாவால் கோடு வரைந்து, பக்கத்தில் நாளையும் நேரத்தையும் எழுதுங்கள். மருத்துவமனைகளில் செவிலியர் செய்வதும் இதுதான். மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் சிவப்பு தெளிவாகத் தெரியாது என்பதால், புறங்கையை வைத்துச் சூட்டின் எல்லையையும், விரலால் மெல்ல அழுத்தி இறுக்கத்தின் எல்லையையும் கண்டு அதன்மேல் கோடிட வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது எல்லை கோட்டுக்குள் சுருங்கியிருந்தால் முதல் காவல் வென்றுகொண்டிருக்கிறது. கோட்டைத் தாண்டிப் பரவியிருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். காலை உயர்த்தி வைப்பது தேங்கிய நீர் வடிய உதவும்.

சீழும் நெறிகட்டும்

சீழைக் கண்டு பலரும் அருவருக்கிறார்கள். கிருமிகளை விழுங்கி, நொதிகளைக் கொட்டி, வேலை முடிந்து மடிந்த நியூட்ரோஃபில்களே அதில் பெரும்பகுதி; சில வேளைகளில் தெரியும் இளம்பச்சை நிறம்கூட அவற்றினுள் இருக்கும் ஒரு நொதியின் நிறம்தான். நம் எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களை உருவாக்கி அனுப்புகிறது. ஆனால் சீழ் ஓரிடத்தில் சுவர் கட்டித் தேங்கிவிட்டால், அங்கே இரத்தம் எட்டாது. மாத்திரையாக விழுங்கும் நுண்ணுயிர்க்கொல்லியும் போதிய அளவில் எட்டாது. நகச்சுற்று வந்த விரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகினால் வலி சற்றுத் தணிந்ததுபோல் இருக்கலாம், தேங்கிய சீழ் அதனால் வெளியேறாது. விண்விண்ணென்று தெறிக்கும் கட்டியை மருத்துவர் கீறி வடியவிடுவதே சரியான சிகிச்சை. நீங்களாக நசுக்காதீர்கள், நசுக்கும்போது உள்சுவர் உடைந்து கிருமி பக்கத்துத் திசுக்களுக்குப் போகிறது. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் வரும் கட்டியைத் தொடவே கூடாது, அங்கிருந்து செல்லும் சிரைகள் மூளையை ஒட்டிய சிரைக்குழியோடு தொடர்புடையவை.

காலில் புண் வந்தால் தொடையிடுக்கிலும், கையில் வந்தால் அக்குளிலும் கழலைபோல் திரண்டு வலிப்பதை நம் வீடுகளில் நெறி கட்டியிருக்கிறது என்பார்கள். காயத்தில் கிருமியின் துண்டுகளை எடுத்துக்கொண்ட சில செல்கள் நிணநீர் வழியாக அங்குள்ள நிணநீர்க் கணுவுக்குச் சென்று இரண்டாவது படையை எழுப்புவதால்தான் அது பருக்கிறது. எனவே நெறி கட்டினால் அதைத் தேய்த்துவிடவோ சூடு வைக்கவோ தேவையில்லை; அதை உண்டாக்கிய புண்ணைத் தேடிக் கவனித்தால் போதும். புண்ணிலிருந்து நெறியை நோக்கிச் சிவந்த கோடு ஒன்று ஏறினால் மட்டும் தாமதிக்கலாகாது, நிணநீர்க் குழாயிலேயே தொற்று பரவுகிறது என்பது அதன் பொருள்.

காய்ச்சல்

காயத்தில் உருவாகும் செய்திப்பொருள்கள் இரத்தத்தில் கலந்து மூளையை எட்டும்போது, அங்கே புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் உண்டாகி, உடலின் வெப்ப இலக்கு உயர்த்தப்படுகிறது. இலக்கு உயர்ந்து உடல் இன்னும் அந்தச் சூட்டை எட்டாத நேரத்தில் குளிரும் நடுக்கமும் வருகின்றன; இலக்கு இறங்கும்போது வியர்க்கிறது. பாலைவன இகுவானா என்னும் ஓணான் இனத்துக்குத் தானாகச் சூட்டை உண்டாக்க முடியாது. 1975-ல் குளுகரும் அவருடைய சகாக்களும் அவற்றுக்குக் கிருமியை ஏற்றி வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்துப் பார்த்தபோது, வெப்பமான சூழலில் வைக்கப்பட்டவை அதிகமாகப் பிழைத்தன, குளிர்ந்த சூழலில் இருந்தவை அதிகமாக இறந்தன. மிதமான காய்ச்சல் ஓர் ஆயுதம் என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இந்தச் சோதனையும் ஒரு காரணம்.

ஆனால் அந்த ஆயுதத்துக்கு விலை உண்டு. ஒரு டிகிரி செல்சியஸ் கூடும்போது உடல் செலவிடும் ஆற்றல் ஏறத்தாழ பத்து விழுக்காடு உயர்கிறது, நீரும் இழக்கப்படுகிறது. எனவே எண்ணைப் பார்த்து மாத்திரை கொடுக்காமல் ஆளைப் பாருங்கள். சிறுநீர் சரியாகப் போய்க்கொண்டு, கேட்டதற்குத் தெளிவாகப் பதில் சொல்லும் ஒருவருக்குக் கஞ்சியும் தண்ணீரும் ஓய்வும் போதும். உடல்வலியால் தூங்கவோ குடிக்கவோ முடியாதபோது பாராசிட்டமால் கொடுக்கலாம். குழந்தைகளுக்கு ஒரு வேளைக்கு எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 முதல் 15 மில்லிகிராம் வரை, நான்கிலிருந்து ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்கு வேளைக்கு மிகாமல். டெங்கு பரவும் காலத்தில் ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் வேண்டாம், அவை இரத்தக்கசிவை மிகுவிக்கக்கூடும். பனிக்கட்டி நீரில் துணி நனைத்துப் போர்த்துவதும் வேண்டாம். இலக்கு உயர்ந்தே இருப்பதால் உடல் இன்னும் கடுமையாக நடுங்கும்.

மூச்சு நிமிடத்துக்கு இருபத்திரண்டுக்கு மேல் போவது, பேச்சு குழறுவது, கைகால் சில்லிடுவது, சிறுநீர் குறைவது ஆகியவை காய்ச்சலோடு சேர்ந்தால், முதல் காவலே கட்டுமீறி உடலின் உறுப்புகளைத் தாக்கும் நிலை தொடங்கியிருக்கலாம். செப்சிஸ் எனப்படும் அந்த நிலையில் மணிக்கணக்கில் தாமதிப்பது உயிருக்கு ஆபத்து.

இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்க்கும்போது

வெள்ளணுக்களின் மொத்த எண்ணிக்கை பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டரில் 4,000 முதல் 11,000 வரை இருப்பது இயல்பு. நியூட்ரோஃபில் விழுக்காட்டை மட்டும் பார்த்து மகிழவோ அஞ்சவோ கூடாது. மொத்தத்தோடு பெருக்கிப் பாருங்கள். மொத்தம் 2,000, நியூட்ரோஃபில் 60 விழுக்காடு என்றால், விழுக்காடு இயல்பாகத் தோன்றினாலும் உண்மையில் இருப்பவை 1,200 மட்டுமே. 1,500-க்குக் கீழே போனால் அது குறைவு. டெங்குவிலும் டைபாய்டிலும் மொத்த எண்ணிக்கை பலருக்குக் குறைகிறது, பாக்டீரியாவால் சீழ் பிடிக்கும் நோய்களில் ஏறுகிறது. ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவருக்குத் தொற்று இல்லாமலே ஏறும் என்பதால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். சி.ஆர்.பி. என்ற புரதத்தைக் கல்லீரல் உண்டாக்குகிறது. தொற்று தொடங்கிச் சில மணி நேரம் கழித்தே அது ஏறத் தொடங்கி, இரண்டு நாள்களில் உச்சத்தை எட்டும். ஆகவே காய்ச்சல் வந்த முதல் சில மணி நேரத்தில் எடுத்த இயல்பான அளவை நம்பி இருந்துவிட வேண்டாம். ஒரு கூடம் லிட்டருக்கும் மற்றொன்று டெசிலிட்டருக்கும் கணக்குக் கொடுப்பதால், இரு தாள்களை ஒப்பிடும்முன் அலகைப் பாருங்கள். இரண்டுக்கும் பத்து மடங்கு வேறுபாடு உண்டு.

அழற்சியின் அடையாளம் வெளியே தெரியாத உடல்களைக் கவனிக்கும் முறை

இதுவரை சொன்னவை எல்லாம் முதல் காவல் சரியாக இயங்குகிறவர்களுக்கே பொருந்தும். நான் மிகவும் கவலைப்படுவது, வீக்கமும் வலியும் காட்டாத உடல்களைப் பற்றித்தான். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது நியூட்ரோஃபில்கள் காயத்தை நோக்கி நகர்வதும் கிருமியை விழுங்குவதும் மந்தமாகின்றன. நரம்பும் பழுதாகியிருந்தால் முள் ஏறியதே தெரியாது. சர்க்கரை நோயாளிகள் இரவு படுக்கும்முன் இரு உள்ளங்கால்களையும், விரலிடுக்குகளையும், ஒரு கண்ணாடியை வைத்தோ வீட்டார் துணையுடனோ பார்க்க வேண்டும். சிறு கொப்புளமானாலும் மறுநாளே காட்ட வேண்டும். ஸ்டீராய்டு நெடுநாள் எடுப்பவர்களுக்குக் காய்ச்சலும் சிவப்பும் அடங்கியே தெரியும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் வந்தாலே வீட்டு மருத்துவம் எதுவும் செய்யாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

புற்றுநோய்க்கான மருந்து (கீமோ) ஏற்றிக்கொள்பவர்களுக்கு, பல மருந்துமுறைகளில் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் நியூட்ரோஃபில்கள் மிகவும் குறைகின்றன. 500-க்குக் கீழே போனால், சீழ் பிடிப்பதற்குக்கூட உடலில் செல்கள் போதாது, புண் வெளுத்து அமைதியாகவே தோன்றும். அந்த நாள்களில் தொற்றைக் காட்டும் ஒரே அடையாளமாகக் காய்ச்சல் மட்டுமே இருக்கலாம். வெப்பமானியைத் தலைமாட்டிலேயே வைத்திருங்கள். 38 டிகிரியைத் தொட்டால், நள்ளிரவாக இருந்தாலும், பாராசிட்டமால் கொடுத்துப் பார்க்காமல் மருத்துவமனைக்குப் புறப்பட்டு, அவசரப் பிரிவின் வாசலிலேயே கீமோ எடுத்து இத்தனையாவது நாள், இத்தனை மணிக்குக் காய்ச்சல் வந்தது என்று முதலில் சொல்லுங்கள்.