ரோபோ புராஸ்டேட் அறுவைக்குப் பின்: வீட்டில் சிறுநீர்க் குழாய் பராமரிப்பு

ரோபோ உதவியுடன் புராஸ்டேட் சுரப்பியை (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருப்பது) அகற்றியவர்கள் பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடுவார்கள். சிறுநீரை வெளியேற்றச் செருகிய சிறுநீர்க் குழாய் (கதீட்டர்) மட்டும் வழக்கமாக 7 முதல் 14 நாள் இருக்கும்; சிறுநீர்ப்பையையும் சிறுநீர் வழியையும் இணைத்துத் தைத்த இடம் ஆறவேண்டும்.

குழாயை இழுபடாதபடி தொடையில் சற்றுத் தளர்வாக ஒட்டுங்கள். சிறுநீர் சேரும் பை எப்போதும் இடுப்புக்குக் கீழேயே தொங்கட்டும், தரையில் படக்கூடாது. பாதிக்கு மேல் நிரம்பியதும் காலி செய்யுங்கள். சிறுநீரின் லேசான இளஞ்சிவப்பு நிறத்துக்குப் பயப்பட வேண்டாம்.

சிறுநீர் வடியவில்லையா? முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள். மடிப்பு இல்லையென்றால் இரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். உடனே அறுவை செய்த குழுவை அழையுங்கள். குழாய் நழுவி வெளியே வந்தாலும் அவர்களிடமே போங்கள். பக்கத்துக் கிளினிக்கில் புதிதாகச் செருகினால் தையல் பிரிந்துவிடலாம். மலச்சிக்கலுக்கு எனிமா கூடவே கூடாது. சிறுநீரை அடக்க உதவும் இடுப்புத்தளத் தசைப் பயிற்சி, குழாயை எடுத்த பிறகுதான்.